மாடியில் சோலார்: யாருக்குக் கட்டும், யாருக்குக் கட்டாது

பாளையங்கோட்டைப் பக்கம் இப்போது சோலார் விற்க வருகிறவர்கள் ஒரே மூச்சில் இரண்டு வாக்குக் கொடுக்கிறார்கள். கரண்ட் பில் பூஜ்யம் ஆகிவிடும், கரண்ட் கட்டே தெரியாது. தனித்தனியாக இரண்டும் உண்மைதான். ஆனால் அவர்கள் காட்டும் விலைக்கு ஒன்றுதான் வரும். எது வேண்டும் என்று நாம் முதலில் தெரிந்துகொண்டு பேசினால் பாதிப் பேரம் முடிந்த மாதிரி.

நம் ஊரில் ஒரு வீட்டுக்கு இருப்பது மூன்று வழி. ஈபி கரண்டும் பேட்டரியில் ஓடும் பழைய மாதிரி இன்வெர்ட்டருமே போதும் என்று இருப்பது. பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்த்துப் போடும் ஆன்-கிரிட் சோலார். ஈபி லைனோடு பேட்டரியும் சேர்ந்து வரும் ஹைபிரிட். நான்காவதாக ஈபி இணைப்பே வேண்டாம் என்ற ஆஃப்-கிரிட் இருக்கிறது. கரண்ட் கம்பம் எட்டாத தோட்டத்து மோட்டார் ரூமுக்குச் சரி, தெருவில் இருக்கும் வீட்டுக்கு வேண்டாத வேலை. மானியமும் கிடையாது.

பில்லில் எங்கே பார்ப்பது

தமிழ்நாட்டில் வீட்டுக் கரண்ட் இரண்டு மாதக் கணக்கு. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை பாதி விலை, 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள். 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும், தாண்டிய யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். 1000-ஐத் தாண்டினால் பதினொரு ரூபாய்க்கும் மேல்.

சோலார் தரும் யூனிட் இந்த ஏணியில் மேல்படியில் இருந்துதான் கழிந்துகொண்டு வரும். விலை கூடின யூனிட் முதலில் போகும், மலிவான யூனிட் கடைசியில் போகும், இலவச யூனிட்டைக் கழித்து ஒரு லாபமும் இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு லாபம் என்பது உங்களுக்கும் லாபம் ஆகாது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். எல்லாம் ரவுண்டான கணக்குதான்.

இரண்டு ஏசி, ஃபிரிட்ஜ், போர் மோட்டார் உள்ள ஒரு மகாராஜநகர் வீடு. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட், பில் 4,700 ரூபாய்க்கு மேல் வரும். 3 கிலோவாட் ஆன்-கிரிட் போட்டால் வருட சராசரியில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் கிடைக்கும். மிச்சம் 100, அது இலவசத்தில் போய்விடும். வருடத்துக்கு 28,000 ரூபாய் மிச்சம். விலை இரண்டு லட்சம் என்று வைத்து, 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் 78,000 ரூபாய் மானியத்தைக் கழித்தால் கைக்காசு 1,22,000. நாலரை வருடத்தில் முதல் திரும்பிவிடும்.

அடுத்தது, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் ஒரு பேட்டை வீடு. பில்லே 1,200 ரூபாய்க்குள்தான். அதே 3 கிலோவாட்டை இங்கே மாட்டினால், முழு பில்லும் போனாலும் வருடத்துக்கு 7,000 ரூபாய்தான் மிஞ்சும். முதல் திரும்பப் பதினேழு வருடம் ஆகும். இந்த வீட்டுக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால் 1 கிலோவாட். 75,000-இல் 30,000 மானியம் போனால் 45,000, திரும்ப ஏழெட்டு வருடம். ஆனால் 1 கிலோவாட் கேட்டால் பல கடைக்காரர்களுக்கு முகமே மாறிவிடும். "அண்ணாச்சி, மூணாப் போட்டாத்தான் முழு மானியம்" என்பார்கள். மானியம் கூடும், சரிதான். கைக்காசும் சேர்ந்து கூடுகிறதே.

மிச்ச யூனிட்டை ஈபிக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சை நம்பிப் பெரிதாகப் போட வேண்டாம். ஈபியிடம் நாம் வாங்கும் விலை வேறு, நம் யூனிட்டுக்கு ஈபி கொடுக்கும் விலை அதைவிடக் குறைவு. கொட்டேஷனில் காட்டும் மிச்சத் தொகையில் ஈபி தன் லைனைப் பயன்படுத்துவதற்காகக் கேட்கும் நெட்வொர்க் கட்டணத்தைக் கழித்திருக்கிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால்

ஆன்-கிரிட்டில் பலரும் பிறகுதான் தெரிந்துகொள்வது இது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். மொட்டை மாடியில் வெயில் கொளுத்தும், பேனல் அத்தனையும் பளபளவென்று இருக்கும், கீழே ஃபேன் நின்றுவிடும். "என்னவே, கூரை நெறயப் பேனல் வச்சிருக்கீரு, விசிறி மட்டையோட உக்காந்திருக்கீரு?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ரிப்பேர் ஒன்றும் இல்லை. கம்பத்தில் வேலை செய்கிற ஆளுக்கு நம் வீட்டுக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, ஈபி நின்றதும் ஆன்-கிரிட் சோலாரோடு வரும் இன்வெர்ட்டர் தானாக நின்றுகொள்ளும்படி செய்யப்பட்டது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

கரண்ட் கட்டுதான் தொல்லை என்றால் அதற்கு மலிவான வழி பேட்டரியில் ஓடும் அந்தப் பழைய மாதிரி இன்வெர்ட்டர்தான். 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியோடு முப்பதாயிரத்துக்குள் முடியும். மூன்று ஃபேன், நாலு லைட், வைஃபை எல்லாம் நாலைந்து மணி நேரம் ஓடும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற மறக்கக் கூடாது, நாலைந்து வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டும். அவ்வளவுதான். மாதம் ஒரு நாள், அப்புறம் ஆடிக் காற்றில் கொப்பு விழுந்து கொஞ்ச நேரம், இதுதான் உங்கள் கரண்ட் கட்டு என்றால் இதற்கு மேல் செலவு செய்யக் காரணமில்லை.

ஹைபிரிட் இரண்டையும் செய்யும். மானியம் பேனலுக்கு உண்டு, பேட்டரிக்குக் கிடையாது. 5 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரிக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். மகாராஜநகர் வீட்டின் நாலரை வருடம் இங்கே எட்டு வருடத்துக்கு மேல் இழுத்துக்கொள்ளும். அந்த 5 யூனிட்டில் ஒன்றரை டன் ஏசி ஓட்டினால் சில மணி நேரத்தில் காலி. 2023 டிசம்பர் 17, 18 மழையில் திருநெல்வேலி ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் மூழ்கி, பல இடங்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்து ஹைபிரிட் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த பயம் நியாயமானது. ஆனால் அப்படி மூடின வானத்தில் பேனல் தருவது வெயில் நாளில் தருவதில் சின்னப் பங்குதான். லைட்டுக்கும் செல்போனுக்கும் ஆகும், ஏசிக்கு ஆகாது. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் நோயாளி இருக்கிறார், இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் நிற்கக் கூடாது என்றால் ஹைபிரிட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. மற்றவர்களுக்கு ஆன்-கிரிட்டும் பக்கத்தில் அந்தப் பழைய இன்வெர்ட்டரும் போதும் என்பேன்.

நம் ஊர் வெயில், நம் ஊர் காற்று

திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு 9 டிகிரிக்குள் இருக்கிறது. சித்திரை தொடங்கி ஆவணி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. ஆனி மாதம் மதியம் மாடியில் நின்றால் நிழல் தெற்கே விழுவதைப் பார்க்கலாம். ஆகவே பேனலைத் தெற்கே பார்த்துப் பத்து டிகிரி சாய்த்தால் போதும். வடநாட்டுப் படத்தைக் காட்டி இருபத்தைந்து, முப்பது டிகிரி என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். சாய்வு கூடினால் காற்றும் கூடப் பிடிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றை நம்பித்தான் பணகுடி, ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்று நம் ஸ்டாண்டையும் தூக்கிப் பார்க்கும். வத்தல் காயப்போடக் கீழே இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் போடச் சொன்னால், நட்டு போல்ட்டிலும் கான்கிரீட் பிடிமானத்திலும் காசைக் குறைக்க விடாதீர்கள். உவரி, கூத்தன்குழி மாதிரிக் கடலோர ஊர் என்றால் இரும்பு துருப்பிடிக்கும் கணக்கும் சேரும்.

நிழல் விஷயத்தில் தாட்சண்யம் கூடாது. தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து வீட்டுத் தென்னையோ ஒரே ஒரு பேனலை மறைத்தாலும், சாதாரண இணைப்பில் அதோடு சேர்ந்த மற்றவையும் இறங்கிப்போகும். 1 கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். ஒரே வளாகத்தில் பல வீடுகள் ஒட்டி இருக்கும் வளவு வீடு, பழைய ஓட்டு வீடு என்றால் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

கழுவுவதற்குப் போர் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், அப்புறம் தேய்த்தாலும் போகாது. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில், விடிந்ததும் பேனல் சூடேறும் முன் கழுவிவிட வேண்டும்.

மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே டாடா பவருக்கு வருடத்துக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்குச் சோலார் செல், பேனல் செய்யும் ஆலை இருக்கிறது. உள்ளூர்ச் சரக்கு கிடைக்காது என்ற சாக்கு இங்கே எடுபடாது. மானியப் பணம் எல்லா வேலையும் முடிந்து மீட்டர் மாற்றிய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையும் நம் கையிலிருந்தோ, பொதுத்துறை வங்கிகள் பிணை இல்லாமல் 2 லட்சம் வரை தரும் கடனிலிருந்தோ போக வேண்டும்.

கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஈபி கார்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இணைப்பு இன்னமும் தாத்தா பெயரில்தான் ஓடுகிறது. விண்ணப்பத்தின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் அதோடு ஒத்துப்போகாவிட்டால் மானியம் நின்றுபோகும். பெயர் மாற்றத்துக்கு வாரிசு சான்றிதழ், மற்ற பங்காளிகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். அதை முடித்துக்கொண்டு கொட்டேஷன் வாங்கலாம்.