ஜென்டாமைசினுக்குப் பிறகு தள்ளாட்டம்: எந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்?

பெரியப்பாவுக்குச் சிறுநீரகத் தொற்று. ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார்கள், காய்ச்சல் விட்டது. பத்து நாள் கழித்து திருகோணமலை உட்துறைமுக வீதியில் நடக்கும்போது, "கடைப் போர்டெல்லாம் துள்ளுது தம்பி, நிண்டால் சரியாகுது" என்றார். பொழுதுபட்ட பிறகு டச்சு பே மணலில் என் தோளைப் பிடிக்காமல் நாலடி வைக்க முடியவில்லை.

ஒரு வைத்தியசாலையில் காது கேட்கிறதா என்று மட்டும் சோதித்து, 'நோர்மல்' என்று தலைச்சுற்று மாத்திரையோடு அனுப்பினார்கள். கேட்கும் சோதனையை நம்பி இதைத் தள்ளிவிட முடியாது. ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கேட்கும் திறனை விட உட்காதிலுள்ள சமநிலை உறுப்பையே அதிகம் தாக்கும். இரண்டு காதும் ஒன்றுபோலக் கெடுவதால் உலகம் சுற்றாது, நடக்கும்போது காட்சிதான் குலுங்கும். ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

பழைய முறை, காதுக்குள் 30 பாகை செல்சியசிலும் 44 பாகை செல்சியசிலும் நீர் விட்டுக் கண் எவ்வளவு அசைகிறது என்று அளப்பது. எனக்குச் செய்திருந்தால் வாந்தி எடுத்திருப்பேன். பெரியப்பாவோ கன்னியா வெந்நீரில் குளிப்பவர் போல அசையாமல் படுத்திருந்தார். இதில் ஒரு பொறி உண்டு. அறிக்கையில் முதலில் கண்ணில் படுவது இடது, வலது வித்தியாசம். இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் வித்தியாசம் பூச்சியம்தானே! ஒவ்வொரு காதிலும் குளிர், சூடு இரண்டின் கண் வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் வினாடிக்கு 6 பாகைக்குக் கீழ் என்றால் இழப்பு உறுதி. காதுக்குரும்பி அடைத்திருந்தாலோ செவிப்பறை கிழிந்திருந்தாலோ இந்த முறை உதவாது.

கமெரா பூட்டிய கண்ணாடியை மாட்டி, தலையைச் சட்டென்று திருப்பும் சோதனை சில நிமிடத்தில் முடியும், குமட்டாது, இரு காதின் சமநிலை உறுப்பிலும் உள்ள ஆறு அரைவட்டக் குழாய்களையும் தனித்தனியே பார்க்கும். கண், தலை வேக விகிதம் இரு பக்கமும் 0.6க்குக் கீழே போனால் கணக்கு முடிந்தது. ஆனால் இது பார்ப்பது வேகமான அசைவை, நீர்ச் சோதனை பார்ப்பது மிக மெதுவானதை. ஒன்று நோர்மல் என்பதற்காக மற்றதை விட்டுவிடக் கூடாது. ஆளை இருத்திச் சுழற்றிக் கண்ணசைவைப் பார்க்கும் சுழல் நாற்காலியும் நல்லதுதான், கிடைத்தால்.

என் வாக்கு கருவியே இல்லாத முறைக்குத்தான். 1988இல் ஹல்மாகி, கர்தொய்ஸ் என்ற ஆய்வாளர்கள் விவரித்தது: நோயாளி வைத்தியரின் மூக்கைப் பார்த்திருக்க, தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவது. உறுப்பு கெட்டிருந்தால் கண் தலையோடு போய்விட்டு மூக்கை நோக்கித் துள்ளித் திரும்பும். இலேசான இழப்பு தப்பிவிடும், உண்மைதான். அப்புறம் கண் எழுத்து அட்டையைத் தலையை ஆட்டாமலும் ஆட்டியும் வாசிக்க வைப்பது. ஊசி நடக்கும் நாட்களில் வார்டிலேயே தினமும் பார்க்கலாம். நேரத்தோடு பிடித்தால் மருந்தை மாற்ற வழி உண்டு.

பெரியப்பா தலையை ஆட்டாமல் ஏழாம் வரிவரை வாசித்தார். வினாடிக்கு இருமுறை தலையை ஆட்டியபோது மூன்றாம் வரியோடு நின்றார். இரண்டு வரிக்கு மேல் குறைந்தாலே சந்தேகப்பட வேண்டும்.