கார் ஷெட் பட்டறைக்கு ஒரு வேக்குவம் கிளீனர்: ஆறு ஆண்டு அனுபவம்

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டின் கார் ஷெட் பத்தடி அகலமும் பதினெட்டடி நீளமும் உள்ளது. 2019-இல் பழைய காரை விற்றபின் அந்த இடத்தில் ஒரு மேசை போட்டு மரவேலை செய்யத் தொடங்கினேன். வட்ட ரம்பம், ரூட்டர் (மரத்தில் பள்ளம் வெட்டுவது), ஜிக்சா (வளைவாக அறுப்பது), வட்டச் சாண்டர் (உப்புத்தாளால் தேய்ப்பது) என்று கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அவற்றோடு தூசியும் சேர்ந்தது. ஷெட்டிலிருந்து சமையலறைக்கு ஒரே ஒரு கதவுதான். மாலையில் அந்தக் கதவைத் திறந்தால் அரிசி டப்பாவின் மூடிமேல்கூட மரத்தூள் படிந்திருக்கும். இந்த ஆறு ஆண்டுகளில் ஈரம், உலர்வு இரண்டுக்குமான வேக்குவம் கிளீனர்கள் இரண்டை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். முதலாவதைத் தவறான காரணத்துக்காக வாங்கினேன். இரண்டாவது இன்றும் ஓடுகிறது. புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் இரண்டின் கதையையும் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் தரை துடைக்கும் சாதாரண வேக்குவம் கிளீனர் பட்டறைக்கு ஏன் உதவாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் உறிஞ்சப்படும் காற்றேதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. பையோ வடிகட்டியோ அடைபட்டால் மோட்டார் சூடேறும். நுண்தூள் தப்பினால் நேராக மோட்டாருக்குள் போகும். பட்டறைக் கருவிகளில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குத் தனி வழி உண்டு. தண்ணீரை உறிஞ்சினாலும் அது கெடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

முதல் கருவியை அதன் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த 1600 வாட் என்ற எண்ணைப் பார்த்து வாங்கினேன். வாட் என்பது அந்த மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு தூளை எடுக்கும் என்பதைச் சொல்லாது. நாம் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒன்று கிலோபாஸ்கலில் சொல்லப்படும் உறிஞ்சுவிசை, மற்றொன்று விநாடிக்கு எத்தனை லிட்டர் காற்று நகர்கிறது என்ற காற்றோட்டம். தரையில் ஒட்டிய ஈரத்தையும் கனமான திருகாணியையும் தூக்க முதலாவது வேண்டும். ரம்பத்திலிருந்து பறக்கும் தூளை வாரிக்கொண்டு வர இரண்டாவது வேண்டும். இவை இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதில்லை. குழாயின் வாயை உள்ளங்கையால் முழுதாக மூடினால் உறிஞ்சுவிசை உச்சத்துக்குப் போகும், ஆனால் காற்றோட்டம் பூஜ்யமாகிவிடும். கடையில் விற்பனையாளர் நம் கையை அந்த வாயில் வைக்கச் சொல்லி "பாருங்க சார், எப்படி இழுக்குது" என்று காட்டுவது இந்த ஒரு பாதியை மட்டும்தான். கையை எடுத்தபின் ஒரு கைப்பிடி மரத்தூளை ஒரு சாண் தூரத்திலிருந்து இழுக்கிறதா என்று பார்த்திருந்தால் நான் அந்தக் கருவியை வாங்கியிருக்க மாட்டேன்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று ஓசை. குழாய் அடைபட்டால் மோட்டாரின் சத்தம் கீச்சென்று உயரும். அப்போது அது அதிகம் உழைக்கிறது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது. நகர்த்த வேண்டிய காற்று குறைந்துபோனதால் மோட்டாரின் சுமை குறைகிறது, அதனால்தான் வேகம் கூடுகிறது. இப்போது சாண்டரை இயக்கும்போது கண் மரத்தில் இருந்தாலும் காது வேக்குவத்தின் சுருதியில் இருக்கிறது. அது அரைச் சுருதி ஏறினால் வடிகட்டியைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வடிகட்டிதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்பதை ஓர் எம்.டி.எஃப். (மர இழைகளைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை) அலமாரி எனக்குக் கற்றுத் தந்தது. இழைப்புளிச் சீவலும் ரம்பத்தூளும் பெரியவை. அவற்றை எந்தக் கருவியும் எடுத்துவிடும். எம்.டி.எஃப். பலகையின் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது வரும் தூள் முகத்துக்குப் போடும் பவுடரைப் போல இருக்கும். பத்து நிமிடத்தில் அது காகித வடிகட்டியின் மடிப்புகளில் பழுப்புநிற மாவாக அப்பிக்கொண்டது, உறிஞ்சுவது பாதிக்கு மேல் குறைந்தது. வடிகட்டியைக் கழற்றிச் சுவரில் தட்டினேன். வாரத்துக்கு இரண்டு முறை இப்படித் தட்டித் தட்டி, மூன்றாம் மாதத்தில் ஒரு மடிப்பின் ஓரம் விரல்நகம் அளவுக்குக் கிழிந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. ஒருநாள் பிற்பகல் மேற்கு ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழுந்தபோது, கருவியின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய புகை போல ஒன்று நிதானமாக எழுவதைப் பார்த்தேன். அது புகையல்ல. மேசையிலிருந்து உறிஞ்சிய நுண்தூள் முழுவதையும் அந்தக் கருவி நான் நிற்கும் இடத்திலேயே மூக்கின் உயரத்துக்கு ஊதிக்கொண்டிருந்தது.

இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எம்.டி.எஃப். பலகையை ஒட்டும் பிசினில் உள்ள ஃபார்மால்டிஹைடும், சுவரைத் துளையிடும்போது வரும் சிலிக்காத் தூளும் அதே பிரிவில்தான் உள்ளன. எங்கள் வீட்டுக் கதவுகளைச் செய்த ஆசாரி ஒருநாள் ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "தம்பி, சாண்டர் போட்ட அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு இருமல்தான். இந்த மாதிரி ஒண்ணு அப்பவே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். அவருக்கு அறுபது வயது. அதன்பின் வடிகட்டி விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

ஐரோப்பியத் தரவிதிகளில் இக்கருவிகள் எல், எம், எச் என்று மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. எல் வகை 1 சதவீதத்துக்குக் குறைவான தூளையும், எம் வகை 0.1 சதவீதத்துக்குக் குறைவான தூளையும், எச் வகை 0.005 சதவீதத்துக்குக் குறைவான தூளையும் மட்டுமே தப்ப விடலாம். மரவேலைக்கு எம் வகை போதும், ஆனால் விலை அதிகம். எனக்கு ஒத்துவந்தது வேறு ஏற்பாடு: சாதாரணக் கருவியில், மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் தரமான ஹெப்பா வடிகட்டி, அதன் முன்னால் துணிப்பை, அதற்கும் முன்னால் ஒரு சைக்ளோன்.

சைக்ளோன் என்பது பிளாஸ்டிக் கூம்பு ஒன்றுதான். காற்று அதன் பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. கனமான தூள் சுவரோரம் தள்ளப்பட்டுக் கீழே உள்ள வாளியில் விழுகிறது. காற்று மட்டும் நடுவே மேலேறி வேக்குவத்துக்குப் போகிறது. மிக நுண்ணிய தூளில் ஒரு பகுதி தப்பிப்போகும், உறிஞ்சுவிசையும் கொஞ்சம் குறையும். இருந்தாலும் வாரத்துக்கு இருமுறை வடிகட்டி சுத்தம் செய்தவன் இப்போது ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறைதான் செய்கிறேன். கையில் உள்ள பணம் பெரிய மோட்டாருக்கா சைக்ளோனுக்கா என்று யாராவது என்னைக் கேட்டால், தயங்காமல் சைக்ளோனுக்கு என்பேன்.

வாளி விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. 20 லிட்டர் பெயின்ட் வாளி ஒன்றின் மூடியில் துளையிட்டுக் கூம்பைப் பொருத்தியிருந்தேன். ஒருநாள் ஒரு பிளைவுட் துண்டு குழாயின் வாயில் குறுக்கே மாட்டிக்கொள்ள, பட்டாசு வெடித்தது போன்ற சத்தத்துடன் வாளி இடுப்பு ஒடிந்து உள்ளே மடங்கியது. கணக்குப் போட்டால் வியப்பில்லை. உறிஞ்சுவிசை 20 கிலோபாஸ்கல் என்றால், ஓரடி விட்டமுள்ள மூடியின்மேல் மட்டும் வெளிக்காற்று ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. இப்போது கெட்டியான சுவருள்ள, வளையங்கள் கொண்ட சிறிய ரசாயன டிரம் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். நான்கு ஆண்டுகளாக அசையவில்லை.

குழாயின் விட்டம் பலர் கவனிக்காத ஒன்று. இங்கே கிடைக்கும் சிறிய கருவிகளில் பெரும்பாலும் 32 அல்லது 35 மி.மீ. குழாய்தான் வருகிறது. சாண்டருக்கு அது பொருத்தமானது. ரூட்டரும் வட்ட ரம்பமும் கக்கும் தூளுக்கு 50 மி.மீ. குழாய் வேண்டும், 32 மி.மீ. குழாயைவிட அதன் வாய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரியது. ரம்பம், சாண்டர் போன்றவற்றில் தூள் வெளியேறும் வாய்களோ ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அளவில் இருக்கும். பாரிமுனையில் லிங்கி செட்டி தெருவில் பாதி நாள் அலைந்து, வெவ்வேறு அளவுக் குழாய்களை இணைக்கும் ரெடியூசர்கள் வாங்கினேன். மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றும் சரியாக உட்காரவில்லை. கடைசியில் உதவியது பழைய சைக்கிள் டியூப். நான்கு அங்குலத் துண்டாக வெட்டி இரு முனைகளிலும் இழுத்து மாட்டி, கிளிப் போட்டு முறுக்கினால் காற்று கசிவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெடிப்பு விடும், மாற்றிவிடுகிறேன்.

தண்ணீர் உறிஞ்சும் வசதி சென்னையில் வேண்டாத ஆடம்பரம் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவெள்ளம் ஷெட்டுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்தபின் வாசற்படிக்கு உட்புறம் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கி நின்றது. பார்க்கச் சிறிதாகத் தோன்றும் அந்த இரண்டு சென்டிமீட்டர், இந்த அளவு ஷெட்டில் 330 லிட்டருக்கு மேல். என் கருவியின் தொட்டி 20 லிட்டர் என்று எழுதியிருந்தாலும், மிதவை மேலேறிக் காற்றை நிறுத்துவது 12 லிட்டரிலேயே. அதாவது இருபத்தெட்டு முறை தூக்கிக் கொட்ட வேண்டும். மின்சாரம் திரும்பி, சுவர் சாக்கெட்டுகள் உலர்ந்துவிட்டனவா என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்னபின், முதலில் துடைப்பத்தால் முடிந்தவரை தள்ளிவிட்டு, மிச்சத்தைத்தான் வேக்குவத்தால் எடுத்தோம். அப்படியும் பதினொரு முறை தூக்கினேன். முதுகு இரண்டு நாள் வலித்தது. அடியில் வடிகால் மூடி உள்ள மாடல்கள் உண்டு. நீங்கள் தாழ்வான பகுதியில் இருந்தால் அதைக் கட்டாயம் பார்த்து வாங்குங்கள். அரையடித் தண்ணீர் நின்றால் இந்தக் கருவியை நினைக்கவே வேண்டாம், நீர்மூழ்கி பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுங்கள்.

தண்ணீருக்கு முன் காகித வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சு உறையை மாட்ட வேண்டும். வேலை முடிந்தபின் தொட்டியைத் திறந்து ஒருநாள் வெயிலில் வைப்பதும் அவசியம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒருமுறை ஈரத்தோடு மூடி வைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது பூஞ்சை வாடை ஷெட் முழுவதும் பரவியது, வடிகட்டியைத் தூக்கியெறிய வேண்டியதாயிற்று.

மின் இணைப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1400 வாட் கருவி 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். 1200 வாட் ரம்பத்தையும் அதனோடு சேர்த்தால் 11 ஆம்பியரைத் தாண்டும். நான் இரண்டையும் மெல்லிய ஒயர் கொண்ட ஒரு 6 ஆம்பியர் ஜங்ஷன் பாக்ஸில் செருகி ஓட்டி, அதன் பிளக் உருகி வழிந்ததைக் கண்டபின்தான் 2.5 சதுர மி.மீ. ஒயரில் தனி 16 ஆம்பியர் சாக்கெட் போட்டேன். ரம்பத்தை அழுத்தியதும் தானாக வேக்குவம் ஓடும் வசதியுள்ள கருவிகள் வசதியானவை. ஆனால் ரம்பத்தைச் செருக வேக்குவத்திலேயே உள்ள சாக்கெட் எத்தனை வாட் தாங்கும் என்று அதன் லேபிளில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பைக் நிறுத்தும் ஷெட்டில் பெட்ரோலையோ தின்னரையோ ஒருபோதும் உறிஞ்சாதீர்கள். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தீப்பொறி விட்டுக்கொண்டேதான் ஓடுகிறது. கிரைண்டரின் தீப்பொறியும் மரத்தூள் நிறைந்த தொட்டிக்குள் போகக் கூடாது.

சத்தம் குறைவான மாடலுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல்தான் அனுமதி. இந்தக் கருவிகள் எல்லாமே அதைத் தாண்டுபவை. நான் மாலை ஏழு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை, ஓட்டும்போது காதடைப்பானும் போட்டுக்கொள்கிறேன்.

முதல் கருவி இரண்டே ஆண்டில் நின்றுபோனது மோட்டாரால் அல்ல. கிழிந்த வடிகட்டிக்கு மாற்று கேட்டுப் போனபோது அந்த மாடலே இனி வராது என்றார்கள். அதனால் 2021-இல் இரண்டாவதை வாங்கும்முன் வடிகட்டி, பை, கார்பன் பிரஷ், குழாய் நான்கும் தனியாகக் கிடைக்கின்றனவா என்று விசாரித்தபின்பே பணம் கொடுத்தேன். கார்ச்சர், போஷ், மகிதா போன்றவற்றுக்கும், விலை குறைந்த இனால்சா, அகாரோ வகைகளுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். உங்கள் மாடலின் எண்ணைச் சொல்லி வடிகட்டி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கருவியோடு சேர்த்து இன்னொன்றையும் வாங்கிவிடுங்கள். என்னிடம் இப்போது ஓடுவது மூன்றாவது வடிகட்டி. நான்காவது உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.