பட்டைக் கட்டு மாற்றி நான்கு வருடம்: யு போல்ட் பற்றி நான் கற்றுக்கொண்டது

அரியலூரில் சிமெண்ட் ஏற்றி சேலம், ஈரோடு பக்கம் இறக்கும் 6 சக்கர லாரி என்னுடையது. பின்பக்கப் பட்டைக் கட்டு (பாரம் தாங்கும் வில் பட்டை அடுக்கு) இரண்டையும் மாற்றி நான்கு வருடம் முடிந்துவிட்டது. இதுவரை ஒரு பட்டைகூட உடையவில்லை, ஹவுசிங் (பின் அச்சின் உறை) நகரவில்லை.

அதற்கு முந்தைய தடவை அப்படி இல்லை. மாட்டிய மூன்றாவது வாரமே ஸ்டீயரிங் நேராக நிற்காமல் போனது. பின்னால் வந்த டிரைவர் ஒருவர், “வண்டி ஒருக்களிச்சு ஓடுதுங்க, கீழே பாருங்க” என்றார். கழற்றினால் வலது பக்கம், பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் துண்டாகிக் கிடக்கிறது. ஹவுசிங் 6 நூல், அதாவது முக்கால் அங்குலம் பின்னால் போயிருந்தது. பட்டைக் கட்டை ஹவுசிங்கோடு இறுக்கிப் பிடிப்பது U வடிவ யு போல்ட்; பழையதையே திரும்பப் போட்டிருந்தார்கள். ஒருமுறை இறுக்கி நீண்டுபோன யு போல்ட் மறுபடி அதே பிடி கொடுக்காது. கட்டு தளர்ந்தால் சுமை இழுப்பது முழுவதும் அந்த ஒல்லி சென்டர் போல்ட் தலையில்தான் விழும்.

அதனால் இந்த முறை பட்டறையில் கூடவே இருந்தேன். யு போல்ட்டை இறுக்கும் முன் டார்ச் அடித்து, சென்டர் போல்ட்டின் தலை ஹவுசிங் இருக்கையின் குழியில் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்தோம். இடது பக்கம் உட்காரவில்லை! பட்டைக்கும் இருக்கைக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி, கம்பியால் நெம்பியதும் ‘டொக்’கென்று குழியில் இறங்கியது. அப்புறம்தான் நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். கடைசி இறுக்கு வண்டி தரையில் நிற்கும்போது, டார்க் ரெஞ்ச் வைத்து. எவ்வளவு டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதையே வையுங்கள்.

அடுத்து டேப். பட்டையின் முன் முனையை மாட்டும் பிராக்கெட்டின் பின் (pin) நடுவிலிருந்து ஹவுசிங் நடு வரை இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே அளவு வரவேண்டும். பட்டையின் மறுமுனையை சேஸிஸோடு இணைக்கும், ஆடக்கூடிய சாக்கிளின் பின்னுக்கு (pin) சேஸிஸைத் தூக்கி, பாரம் விட்ட பிறகு கிரீஸ் அடித்தோம். இரண்டு ஓரத்திலும் புது கிரீஸ் பிதுங்கினால் சரி. பட்டைகள் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பின் போல்ட்டில் நட்டு டயர் பக்கம் இருக்கக் கூடாது. பட்டை நகரும்போது அது உள் டயரை அறுத்துவிடும்.

இதெல்லாம் மாட்டிய அன்று பார்ப்பது. முதல் லோடு இறக்கிவிட்டு வந்து பார்ப்பதுதான் எனக்கு இதைவிட முக்கியம். நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயிண்ட் கோடு போட்டிருந்தோம். கோடு கலையவே இல்லை. “நட்டு ஒரு நூல்கூட நகரலைங்க, விடுங்க” என்றார் மெக்கானிக். ரெஞ்ச் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நான்கில் மூன்று நட்டு கால் சுற்று ஏறியது. நட்டு சுழலாமலே பிடி தளர்ந்திருக்கிறது. புதுப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பெயிண்டும் துருவும் பாரத்தில் நசுங்கி, கட்டின் தடிமன் குறைந்துவிடுகிறது. கோட்டை மட்டும் நம்பியிருந்தால் பழைய கதைதான். 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை வைத்தோம், ஒரு நட்டு மட்டும் சிறிது ஏறியது. அதன்பின் நின்றுவிட்டது.

இப்போது மாதம் ஒருமுறை டார்ச்சோடு கீழே போவேன். இருக்கை ஓரத்தில் செம்பழுப்புத் தூளோ, பளபளவென்று தேய்ந்த இரும்போ தெரிந்தால் அங்கே அசைவு இருக்கிறது என்று அர்த்தம். இதுவரை தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2018-ல் இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தினார்கள். என் வண்டி அதற்கு முன் வாங்கியது, அதன் பட்டை பழைய எடைக்குப் போட்டது. அதனால் நான் பழைய எடைக்கு மேல் ஏற்றுவதில்லை.

இந்த நான்கு வருடத்தில் மாற்றியது இடது சாக்கிள் புஷ் ஒன்று மட்டும்தான், போன ஆடி மாதம்.