மேக்ரோ லென்ஸும் ஒரு செம்பருத்தித் தொட்டியும்: 3 ஆண்டுகளுக்குப் பின்

பழுதுபார்ப்பு மையத்திலிருந்து சென்ற வாரம் என் மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருள்களை மிக நெருக்கத்தில் எடுக்கும் கேமரா லென்ஸ்) திரும்பி வந்தது; 9,000 ரூபாய் கட்டினேன். அன்று மாலையே நண்பர் ஒருவர், அதே லென்ஸைப் பழையதாக வாங்கலாமா என்று கேட்டார். தொலைபேசியில் நான் சொன்ன பதிலில் கோபம்தான் மிகுதியாக இருந்ததால், இங்கே நிதானமாக எழுத முயல்கிறேன். குவியத்தூரம் 100 மி.மீ.; உருப்பெருக்கம் ஒன்றுக்கு ஒன்று, அதாவது பொருளின் பிம்பம் கேமராவின் சென்சாரில் அதன் உண்மை அளவிலேயே விழும். தயாரித்தவர் பெயர் வேண்டாம்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலுள்ள ஒற்றையடுக்குச் செம்பருத்தியைத்தான் பெரும்பாலும் எடுத்துவருகிறேன். மலர்வதற்கு முந்தைய நாள், பச்சைப் புல்லிவட்டத்தைத் தாண்டிச் சிவப்பு நுனி நீண்டிருக்கும். ஒவ்வொன்றின் ஓரமும் அடுத்ததன்மேல் படிந்து, மடக்கிய குடைத்துணிபோல் முறுக்கியிருக்கும் ஐந்து இதழ்களும் மறுநாள் காலையில் அவிழும். நடுக்குழலின் முனையில் ஐந்து சூலகமுடிகள், அவற்றுக்குக் கீழே மகரந்தப்பைகள். மகரந்தத் துகள்கள் செம்பருத்தியில் சற்றுப் பெரியவை என்பதால், படத்தைப் பெரிதாக்கினால் மஞ்சள் ரவைபோல் தனித்தனியாக எண்ணிவிடலாம். லென்ஸ் கண்ணாடியின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சொல்லப்போனால், செடியைக் காப்பாற்றியதே இந்த லென்ஸ்தான். ஒரு பருவத்தில் மொட்டுகள் பழுத்து உதிர்ந்துகொண்டே இருந்தன. தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று வீட்டில் ஆளுக்கு ஆள் குறை சொன்னோம். ஒரு படத்தில், மொட்டின் அடியில் குச்சிகுச்சியாக நிற்கும் புறப்புல்லிகளின் இடுக்கில் வெள்ளைப் பொடி தெரிந்தது. பெரிதாக்கியபோது பொடிக்குக் கால்கள் இருந்தன. மாவுப்பூச்சி. பக்கத்திலேயே ஓர் எறும்பு, பால்மாட்டைக் காக்கும் ஆயனைப்போல் நின்றிருந்தது. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சில வாரம் தெளித்தபின் மொட்டுகள் உதிராமல் நின்றன.

எரிச்சல், லென்ஸின் பக்கத்திலுள்ள ஒரு சின்ன விசையில் (சுவிட்சில்) இருக்கிறது; மோட்டார் தானாகக் குவியம் தேடும் தொலைவைக் குறுக்குவது அதன் வேலை. அது தளர்ந்தது, விரல் உரசினாலே முழுத் தொலைவுக்கு நழுவிவிடும். உடனே லென்ஸ் 30 செ.மீ.யிலிருந்து முடிவிலிவரை ஓடி, எதையும் பிடிக்காமல் திரும்பி ஓடிவரும். இந்த நெருக்கத்தில் லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் கூர்மையாக விழுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஆனி, ஆடிக் காற்றில் பூ அதைவிட அதிகமாக ஆடும். இதற்கிடையில் ஆறரை மணிக்கு அம்மா பூக்கூடையோடு மாடியேறுவார். மலர்ந்தது சாமிக்கு என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அதில் எனக்கு வழக்கில்லை. மோட்டார் ஓடி முடிவதற்குள் பூ கூடைக்குள் போன காலைகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இப்போது மோட்டாரை மாற்றியிருக்கிறார்கள். விசையைக் கேட்டால் அது அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். வெயிலில் பசை இளகிக் கையில் ஒட்டுகிறது.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். பூவுக்கு எப்படியும் கையால்தான் குவியம் வைக்கப்போகிறீர்கள். மோட்டாரே இல்லாத பழைய மேக்ரோ லென்ஸ் ஒன்றும் அதை உங்கள் கேமராவில் பொருத்தும் அடாப்டரும் போதும். என்னுடையதை விற்பேனா என்று கேட்டிருந்தீர்கள். தொட்டியில் இன்று நான்கு மொட்டுகள் இருக்கின்றன. அவை முடியட்டும், பேசுவோம்.