சீட்டுக்கு முன்னால், சீட்டுக்குப் பின்னால்: ஃப்ரெஷர்ஸ் குரூப்புகள் பற்றி ஒரு தண்டையார்பேட்டை ரிவ்யூ

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சீட் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிந்துகொள்ள இந்த குரூப்புகளில் சேர்ந்தால் நேரம் வீண், சில சமயம் காசும் வீண். சீட் கிடைத்த பிறகு முதல் நாள் எந்த கேட் வழியாகப் போவது, எத்தனை செட் ஜெராக்ஸ் எடுப்பது, எந்த ரயிலைப் பிடித்தால் முதல் பீரியடுக்குப் போய்ச் சேரலாம் என்று கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் டெலிகிராம், வாட்ஸ்அப், ரெடிட் என்று முளைக்கிற ஃப்ரெஷர்ஸ் குரூப்புகளைத்தான் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் சேர்ந்த கடை எங்களுடையது. சீசன் ஆரம்பித்தால் காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் அப்ளிகேஷன் போட வருவார்கள். போனை நீட்டி, குரூப்பில் யாரோ போட்ட ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி, "அண்ணா, இது உண்மையாண்ணா?" என்பார்கள். அதனாலேயே பல குரூப்புகளுக்குள் நானே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது.

இன்ஜினியரிங் கவுன்சலிங் 2018 முதல் ஆன்லைனுக்குப் போய்விட்டது. அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போவார்கள், அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களிடம் விசாரித்துக்கொள்வார்கள், சரியோ தப்போ முகத்தைப் பார்த்துப் பேசிய பேச்சு. இப்போது அந்த விசாரிப்பு முழுக்க டெலிகிராமில் நடக்கிறது. ஒரு குரூப்பில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், பழைய மெசேஜ்களைத் தேடியும் பார்க்கலாம், ஆனால் யாரும் தேடுவதில்லை. "கட்-ஆஃப் 162, எம்பிசி, சிஎஸ்இ கிடைக்குமா ப்ரோ?" என்ற ஒரே கேள்வி எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு ராத்திரி பூராவும் ஓடும். பதில் சொல்பவன் யார் என்று பார்த்தால் அவனும் 163 வாங்கிவிட்டு அதே பயத்தில் உட்கார்ந்திருப்பவன். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு கணக்குப் போட்டுத்தான் ரேங்க் வருகிறது. இந்த வருஷம் உனக்கு மேலே எத்தனை பேர், அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது குரூப்பில் இருக்கிற யாருக்கும் தெரியாது. போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் கவுன்சலிங் நடத்துகிறவர்களின் தளத்திலேயே கிடைக்கும். குரூப்பில் 'எக்ஸ்க்ளூசிவ்' என்று சுற்றுவதும் அதுதான், மேலே யாரோ தன் லோகோவை ஒட்டியிருப்பார்கள், அவ்வளவு வித்தியாசம்.

கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் தருகிற ரேண்டம் நம்பர் வெளியாகிற அன்று பார்க்க வேண்டுமே. எனக்குச் சின்ன நம்பர் வந்துவிட்டது, போச்சு என்று ஒரு பெண் கடையிலேயே கண் கலங்கினாள். கட்-ஆஃப் ஒன்றாக வந்து, கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் எல்லாமே சமமாக இருந்தால்தான் கடைசியில் அந்த நம்பருக்கு வேலை. இதை எடுத்துச் சொல்ல அந்தப் பெரிய குரூப்பில் ஒரு ஆள் இல்லை. ஆறுதலாக அழுகிற எமோஜி மட்டும் ஐம்பது பேர் போட்டிருந்தார்கள்.

இதைவிட ஆபத்தானது 'அப்வர்டு' விஷயத்தில் கிடைக்கும் அறிவுரை. கிடைத்த சீட்டை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேலே நாம் போட்ட சாய்ஸுக்கும் காத்திருக்கலாம் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே வைத்திருந்தது தானாகப் போய்விடும், மறுபடி வேண்டும் என்றாலும் வராது. குரூப்பில் ஒரு ப்ரோ, "ரெண்டையும் கையில வெச்சிக்கலாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று எழுதுகிறார், அதற்கு முப்பது பேர் கட்டை விரல் போடுகிறார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள படித்தவர் யாரும் இல்லாத பிள்ளை அதை நம்பித்தான் பட்டனை அழுத்தப் போகிறது. இந்த மாதிரிக் கேள்விக்கு டிஎஃப்சி என்று சொல்கிற கவுன்சலிங் உதவி மையத்துக்கு நேரில் போய் நில்லுங்கள், பஸ் காசு போனாலும் பரவாயில்லை.

அட்மின்கள் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பார்த்த பெரிய குரூப்புகள் சிலவற்றில் அட்மின் மாணவரே இல்லை, கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்குகிறவர். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பொதுவில் கேட்ட கேள்விக்கு "டிஎம் பண்ணுங்க" என்று வந்தால் பாதி சந்தேகம், "மேனேஜ்மென்ட் கோட்டால கடைசி ஒரு சீட், இன்னிக்கே டோக்கன் அட்வான்ஸ்" என்று வந்தால் மீதி சந்தேகமும் தீர்ந்தது. எங்கள் கடைக்கு வரும் ஒரு பையன் வீட்டில் அப்படி அட்வான்ஸ் அனுப்பிவிட்டு, கல்லூரியில் போய்க் கேட்டால் அந்தப் பெயரில் ஆளே இல்லை என்றார்கள். அவன் அம்மா மீன் விற்றுச் சேர்த்த பணம். இந்தப் பெரிய குரூப்புகளுக்கு என் மார்க் ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் தேதி நீட்டிப்புச் செய்தி சீக்கிரம் வருகிறதே என்பதற்காக.

சரி, நல்லதுக்கு வருவோம். சீட் உறுதியானதும் அந்தந்தக் கல்லூரி சீனியர்கள் ஆரம்பிக்கிற வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, அதற்கு தாராளமாக நான்கு கொடுப்பேன். 1024 பேருக்கு மேல் சேர முடியாது என்பதே ஒரு வரம், கேள்வி தொலைந்துபோகாது. நான் பார்த்ததில் நன்றாக நடந்த ஒரு குரூப்பில் இரண்டாம் வருஷத்து அக்கா ஒருவர் அட்மின். டிசி, மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று கொண்டுபோக வேண்டியதை வரிசையாகத் தமிழிலேயே டைப் செய்து பின் பண்ணி வைத்திருந்தார். முதல் பட்டதாரிச் சலுகையைக் குடும்பத்தில் ஏற்கெனவே அண்ணனோ அக்காவோ வாங்கியிருந்தால் மறுபடி கிடைக்காது என்று ஒரு வரி, அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது, ஆபீஸில் யாராவது கேட்டால் அலாட்மென்ட் ஆர்டரைக் காட்டு என்று இன்னொரு வரி. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே சொல்லியிருப்பதையும் அங்கேதான் பிள்ளைகள் முதன்முதலாகப் படிக்கிறார்கள். இந்த விவரமெல்லாம் கல்லூரி பிராஸ்பெக்டஸில் இருந்தாலும் இவ்வளவு தெளிவாக இருக்காது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு தருகிற மாதம் ஆயிரம் ரூபாய் திட்டங்கள் பற்றியும் அதே அக்கா ஒழுங்காக எழுதியிருந்தார். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று நம்ம பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கியது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். அதனால் "ஆயிரம் ரூபாய் பெற ஆதாரும் ஓடிபியும் கொடுங்கள்" என்று எந்த குரூப்பில் லிங்க் வந்தாலும் தொடவே வேண்டாம்.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்தக் கல்லூரி குரூப்புகளிலும் ஒரு குறை உண்டு. பேச்செல்லாம் ஹாஸ்டலர்களைச் சுற்றியே ஓடும், டே ஸ்காலர் என்றால் வேளச்சேரியும் தாம்பரமும்தான். எண்ணூரிலிருந்து கிண்டிக்குப் போகிறவன் கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. போன வருஷம் நம் பக்கத்துப் பிள்ளைகளே தனியாக ஒரு சின்ன குரூப் வைத்தார்கள், கும்மிடிப்பூண்டி லைனிலும் மெட்ரோவிலும் போகிறவர்கள் மட்டும். இத்தனை குரூப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஐந்துக்கு ஐந்து. விம்கோ நகரிலிருந்து கிண்டிக்கு வண்டி மாறாமல் மெட்ரோவிலேயே போய்விடலாம், ஆனால் தினமும் அந்தக் காசு கட்டுப்படியாகாது. சென்ட்ரல் வரை புறநகர் ரயில், இறங்கி சுரங்கப்பாதையைத் தாண்டிப் பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து தாம்பரம் வண்டி என்று போனால் மாணவர் சீசன் டிக்கெட்டில் செலவு மிகக் குறைவு. அந்த சீசனுக்குக் கல்லூரியில் சான்றிதழ் வாங்க வேண்டும், அதை எந்த கவுன்டரில் எத்தனை மணிக்குக் கேட்டால் தருவார்கள், பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிட்டால் வகுப்பில் என்ன சொல்வது என்பது வரை பேசிக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகள் ஒரே பெட்டியில் சேர்ந்து போக ஆரம்பித்ததும் இந்த குரூப்பால்தான். ஒருத்தியின் அப்பா, சேர்ந்து போக ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அனுப்பவே சம்மதித்தார்.

ரூட்டு குரூப் என்று வேறொன்று உண்டு, அது இதோடு சேர்த்தியில்லை. பஸ் நம்பரையோ ரயில் லைனையோ பெயராக வைத்து, 'ரூட்டுத் தல' என்று சொல்கிற தலைவன் படத்தை டிபியாகப் போட்டு, ஃபர்ஸ்ட் இயர் பையன்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார்கள். முதல் வாரம் கெத்தாக இருக்கும், அப்புறம் வேறு கல்லூரி ரூட்டோடு தகராறு, வீடியோ, போலீஸ் கேஸ். மெசேஜ் போட்டவன் தப்பித்து விடுவான், வீடியோவில் முகம் தெரிந்தவன் மாட்டுவான். தம்பி, யாராவது சேர்த்துவிட்டால் அந்த நிமிஷமே வெளியே வந்துவிடு.

வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்ததுமே நம் போன் நம்பர் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு அன்றைக்கே "ஹாய்" வர ஆரம்பிக்கும். டெலிகிராமில் செட்டிங்ஸில் போய் நம்பரை யாருக்கும் காட்டாதபடி வைக்கலாம், ரெடிட்டில் நம்பரே தேவையில்லை. ரெடிட்டில் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார்கள், எந்தக் கல்லூரியில் பிளேஸ்மென்ட் கணக்கு ஊதப்பட்டது என்றெல்லாம் தெரியவரும், ஆனால் எல்லாம் இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளை படித்துப் புரிந்துகொண்டாலும் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறது. ரெடிட்டுக்கு இரண்டரை.

சீனியர்கள் குரூப்பிலேயே "எல்லாரும் செல்ஃபி போட்டு இன்ட்ரோ கொடு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாய்ஸ் நோட்ல பாட்டு பாடு" என்று மிரட்டினால் அதுவும் ராகிங்தான். மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது, ஜூனியர்களைத் தொல்லை செய்யும் வாட்ஸ்அப் குரூப்புகளையும் ராகிங்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யுஜிசி 2025-ல் கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்குப் போன் போடலாம்.

எனக்குள்ள பெரிய மனக்குறை, இத்தனை குரூப்பும் இன்ஜினியரிங்கைச் சுற்றியே இருப்பதுதான். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரிக்கோ ஆர்.கே. நகர் கல்லூரிக்கோ விண்ணப்பித்துவிட்டு, ரேங்க் லிஸ்ட் எப்போது, எந்தத் தேதியில் நேரில் போவது என்று தவிக்கிற பிள்ளைக்கு நல்ல குரூப் ஒன்று என் கண்ணில் படவில்லை. வகுப்பு தொடங்கிய பிறகு கிளாஸ் குரூப் போடுவார்கள், ஆனால் உதவி தேவைப்படுவது அதற்கு முன்னால். அங்கே படிக்கும் இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் யாராவது ஆரம்பித்தால் அந்த லிங்க்கைக் கடை கண்ணாடியில் நானே ஒட்டிவைக்கிறேன், பிரின்ட் அவுட் இலவசம்.

வகுப்பு ஆரம்பித்து ஒரு மாதம் போனால் சீனியர் குரூப்பில் பேயிங் கெஸ்ட் ரூம் விளம்பரமும் மீமும்தான் மிஞ்சும், மியூட்டில் போட்டுவிடலாம், ஆனால் உடனே வெளியே வந்துவிடாதீர்கள். சீனியர்கள் இன்ஜினியரிங் டிராயிங்குக்கான டிராஃப்டர், லேப் கோட், புத்தகம் எல்லாம் பாதி விலைக்கு அங்கேதான் விற்கிறார்கள். டிராஃப்டர் வாங்கும்போது மட்டும் போர்டில் மாட்டி, திருகை இறுக்கி, ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.