படிக்கவும் விளையாடவும் ஒரே மானிட்டர்: மூன்றில் எது?

பிளஸ் டூ அல்லது கல்லூரி முதலாண்டு படிக்கும் பிள்ளைக்கு மானிட்டர் தேடும் வீடுகளில் கடைசிச் சுற்றுக்கு வருபவை பெரும்பாலும் மூன்று. முதலாவது 24 அங்குல ஃபுல் எச்டி ஐபிஎஸ் திரை. இரண்டாவது 27 அங்குல ஃபுல் எச்டி வளைந்த விஏ திரை. மூன்றாவது 27 அங்குல க்யூஎச்டி ஐபிஎஸ் திரை. ஐபிஎஸ், விஏ இரண்டும் எல்சிடி திரையின் வகைகள்; ஃபுல் எச்டி, க்யூஎச்டி என்பவை திரையில் எத்தனை பிக்சல், அதாவது ஒளிப்புள்ளி, இருக்கிறது என்பதைச் சொல்பவை. திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதுதான் ஹெர்ட்ஸ்; மூன்றிலுமே இன்று 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ கிடைக்கிறது. முதல் இரண்டின் விலையில் பெரிய வேறுபாடு இருக்காது. மூன்றாவதற்குக் கூடுதலாகச் செலவாகும்.

கடையில் கண்ணை முதலில் இழுப்பது இரண்டாவதுதான். பெரிது, வளைந்தது, விலையும் கட்டுப்படியாகிறது. படிப்புக்கு நான் முதலில் ஒதுக்கச் சொல்வதும் அதைத்தான்.

காரணம் எழுத்து. ஃபுல் எச்டி என்றால் 1920க்கு 1080 பிக்சல். திரை பெரிதானாலும் அந்த எண்ணிக்கை கூடுவதில்லை. 24 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 92 பிக்சல் வரும். 27 அங்குலத்தில் அதுவே 82 ஆகக் குறைகிறது. க்யூஎச்டியின் 2560க்கு 1440 பிக்சல் அதே 27 அங்குலத்தில் 109 தருகிறது. விளையாட்டுக் காட்சி ஓடிக்கொண்டே இருப்பதால் இந்த வேறுபாடு அங்கே அவ்வளவாக உறுத்தாது. பாடப்புத்தகத்தில் உறுத்தும், தமிழில் இன்னும் அதிகமாக. மூன்றுசுழி ணகரத்தையும் இரண்டுசுழி னகரத்தையும் பிரித்துக் காட்ட, மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் நிற்க, பிக்சல்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்தை முழுதாகத் திரையில் பொருத்தி அடிக்குறிப்பைப் படித்துப் பார்த்தால், மூன்று திரைகளின் தராதரமும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

இடப்பக்கம் பாடமும் வலப்பக்கம் குறிப்பேடும் திறந்து படிப்பவருக்கு க்யூஎச்டி இன்னொன்றும் தருகிறது. ஒவ்வொரு பாதிக்கும் 1280 பிக்சல் அகலம் கிடைக்கும். ஃபுல் எச்டியில் அது 960தான்; பல இணையப் பக்கங்கள் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

விஏ திரைக்கும் ஒரு வலு உண்டு, அதை மறைக்கக் கூடாது. அதன் கறுப்பு ஆழமான கறுப்பு. ஐபிஎஸ் திரையின் ஒளி வேறுபாட்டு விகிதம், அதாவது வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு ஒளிர்கிறது என்பது, பொதுவாக 1000:1 அளவில் இருக்க, விஏ 3000:1 அல்லது அதற்கு மேலும் போகும். விளக்கணைத்த அறையில் படம் பார்க்கவும், நிதானமாகக் கதை சொல்லும் விளையாட்டுகளை ஆடவும் அது இனிமையானது. ஆனால் விலை குறைந்த விஏ திரைகள் பலவற்றில், இருண்ட காட்சி வேகமாக நகரும்போது பின்னால் நிழல் இழுபடும். எதிரி இருட்டில் ஓடும் துப்பாக்கி விளையாட்டில் அது பெரிய இடைஞ்சல். பக்கத்தில் நாற்காலி போட்டுச் சேர்ந்து படிக்கும் தோழிக்கு நிறமும் வெளிறித் தெரியும்.

ஹெர்ட்ஸ் பற்றிப் பிள்ளைகள் சொல்வது சரிதான். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சிக்கு 16.7 மில்லிசெகண்ட், 144 ஹெர்ட்ஸில் 6.9. சுட்டியை நகர்த்தும்போதே அந்த வேறுபாடு தெரியும், நீளமான பிடிஎஃப்பை உருட்டிப் படிக்கும்போதும் தெரியும். 240 ஹெர்ட்ஸுக்குப் போனால் 4.2 மில்லிசெகண்ட். முதல் தாவலில் மிஞ்சியது 10 மில்லிசெகண்டுக்கு அருகில். இரண்டாம் தாவலில் மூன்றுகூட இல்லை. போட்டிகளில் ஆடுபவர் தவிர மற்றவர் அதற்குப் பணம் கொட்ட வேண்டாம். பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் என்று பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடும் ‘1 மில்லிசெகண்ட்’ என்பதையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். மிகச் சாதகமான நிலையில் எடுத்த அளவாகவோ, பின்விளக்கை விட்டுவிட்டு எரியவைத்துப் பெற்ற அளவாகவோ அது இருக்கும்.

இனி, வீட்டில் இருக்கும் கணினியைப் பார்க்க வேண்டும். க்யூஎச்டியில் பிக்சல்கள் ஃபுல் எச்டியைப் போல 1.78 மடங்கு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினிக்கு விளையாட்டில் அது சுமை. வேலரண்ட், மைன்கிராஃப்ட் போன்றவற்றை அந்த மடிக்கணினியில் ஆடுபவருக்கு 24 அங்குல ஐபிஎஸ் திரையே பொருந்தும். எழுத்தும் திருத்தமாக இருக்கும், மேசையும் நிறையாது. ஆர்டிஎக்ஸ் 4060 அளவில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், அல்லது அடுத்த ஆண்டு வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், தயங்காமல் க்யூஎச்டி வாங்கலாம். மானிட்டர் பல ஆண்டு உழைக்கும் பொருள். கணினி மாறினாலும் அது மேசையிலேயே இருக்கும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களும் அஞ்ச வேண்டாம், 2022 செப்டம்பர் முதல் அது 1440 பிக்சல் உயரத்தை ஏற்கிறது.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளின் படம் அற்புதம். ஆனால் மணிக்கணக்கில் அசையாத டாஸ்க்பாரும் வெள்ளைப் பக்கமும் நிற்கும் படிப்பு மேசையில் அந்த உருவம் அவற்றில் நிரந்தரத் தழும்பாகப் பதியும் அபாயம் உண்டு. பலவற்றில் எழுத்தின் ஓரத்தில் நிறக்கசிவும் தெரியும். படிப்புக்கு இப்போதைக்கு வேண்டாம்.

உயரம் கூட்டிக் குறைக்க முடிகிற தாங்கி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து வலிக்கும். மலிவான தாங்கிகள் முன்பின் சாயும், உயராது. அப்படிப்பட்டதை வாங்கினால் பின்புறம் வெசா துளைகளாவது (வேறு தாங்கி பொருத்துவதற்கான பொது அளவுத் துளைகள்) இருக்கட்டும், பிறகு மானிட்டரைத் தாங்கும் கை பொருத்திக்கொள்ளலாம்.

வாங்கி வந்தபின் இரண்டு வேலைகள் உள்ளன. விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதனுள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே சென்று 144 என்று மாற்றுங்கள். அந்த எண் பட்டியலிலேயே இல்லையென்றால் கேபிளையும் கணினியின் போர்ட்டையும் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 ஃபுல் எச்டியில் 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையே செருகுங்கள்.