திங்க்பேட் டி480: பழைய லேப்டாப்பில் பணத்தை எங்கே முதலில் போடுவது?

லெனோவோ திங்க்பேட் டி480 வெளிவந்தது 2018-ல். நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் எடுத்து ஓட்டிவிட்டுக் கழித்துவிட்ட மெஷின்கள் இவை. சென்னை ரிட்சி தெருவில் இருந்து இணையக் கடைகள் வரை 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரில் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. இதற்கு இவ்வளவு மவுசு இருப்பதற்குக் காரணம் வேகம் அல்ல. இரண்டு ரேம் ஸ்லாட், பின்பக்கம் கழற்றக்கூடிய பேட்டரி, மாற்றக்கூடிய வைஃபை கார்டு எல்லாம் ஒரே மெஷினில் இருக்கின்றன. அடுத்து வந்த டி490-ல் ஒரு பகுதி ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள், வெளி பேட்டரியும் போய்விட்டது.

ஆனால் இதை வாங்குகிற பலரும் பணத்தைத் தப்பான வரிசையில் செலவழிக்கிறார்கள். முதல் நாளே பெரிய எஸ்எஸ்டி வாங்கிப் போடுகிறார்கள். இந்த மெஷின் படுப்பது எஸ்எஸ்டியால் அல்ல, சார்ஜிங் போர்ட்டால். அதைக் காப்பாற்றும் வேலைக்குச் செலவே கிடையாது.

வாங்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

ஆன் செய்தவுடன் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷினை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு பட்டன் செல்லைக் கழற்றினால் போகாது, அது போர்டில் உள்ள தனிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. "வேலை செய்யுதே சார், பயாஸ் எதுக்கு?" என்று கடையில் சொல்வார்கள். பின்னால் உள் பேட்டரியை மாற்றுவதில் இருந்து யூஎஸ்பியில் பூட் செய்வது வரை பயாஸ் தேவைப்படும். உள்ளே போனதும் செக்யூரிட்டி பகுதியில் அப்சொல்யூட் எனப்படும் திருட்டுத் தடுப்பு வசதி எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 'ஆக்டிவேட்டட்' என்றிருந்தால் வேண்டாம்.

பிராசசரையும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். டி480 என்றாலே இன்டெலின் 8-ம் தலைமுறை என்று நினைப்பது தவறு, ஐ5-7300யூ போட்டு வந்தவையும் உண்டு. அதில் கோர் இரண்டுதான், விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் அது இல்லை. ஐ5-8250யூ அல்லது 8350யூ இருந்தால் நான்கு கோர், எட்டு த்ரெட். ஐ7-க்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய லாபம் இல்லை. எல்லாமே 15 வாட் சிப்கள், ஒரே கூலர். தொடர்ந்து வேலை கொடுத்தால் சூடுதான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

முதல் வேலை: தண்டர்போல்ட் ஃபர்ம்வேர்

இடது பக்கம் இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்கள் உள்ளன. ஒன்று சாதாரணமானது, மற்றொன்று தண்டர்போல்ட் 3 (மானிட்டர், டாக் எல்லாம் போடும் வேகமான வகை). இரண்டிலும் சார்ஜ் ஏறும். வட்ட முனை சார்ஜரோ பழைய மஞ்சள் முனை சார்ஜரோ போட இடமில்லை. ஆக இந்த இரண்டு போர்ட்களும் போனால் மெஷினும் போனது போலத்தான்.

2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட் மாடல்களில் தண்டர்போல்ட் கன்ட்ரோலரின் பழைய ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் மென்பொருள்) கோளாறு இருப்பதை லெனோவோவே அறிவித்து, அவசர அப்டேட் வெளியிட்டது. டி480-உம் அந்தப் பட்டியலில் உண்டு. பழைய ஃபர்ம்வேரோடு ஓடும் கன்ட்ரோலர் தன்னுடைய சிறிய ஃப்ளாஷ் சிப்பில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் கன்ட்ரோலரே எழும்பாது. அறிகுறிகள் மெல்லத்தான் தெரியும். யூஎஸ்பி-சியில் போட்ட மானிட்டரில் படம் வராது, டாக் (பல போர்ட்களை ஒன்றாகத் தரும் பெட்டி) அடையாளம் தெரியாது, சில மெஷின்களில் ஹெச்டிஎம்ஐயும் சேர்ந்து போகும், கடைசியில் அந்தப் போர்ட்டில் சார்ஜ் ஏறாது. கடைக்குப் போனால் "போர்டு போச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் வாங்கிய அன்றே செய்ய வேண்டியது இது. லெனோவோ தளத்தில் டி480-க்கான பக்கத்தில் முதலில் பயாஸ், பிறகு தண்டர்போல்ட் டிரைவர், அதன்பின் தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் அப்டேட்டை ஓட்டுங்கள். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்கட்டும். டாக், ஹப், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பாதியில் மூடியை மூடக் கூடாது. லினக்ஸ் மட்டுமே பயன்படுத்துவதாக இருந்தாலும், இந்த வேலை முடியும் வரையாவது விண்டோஸை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

ஏற்கெனவே செத்துப்போன போர்ட் என்றால் சாஃப்ட்வேர் அப்டேட் பெரும்பாலும் பிடிக்காது. போர்டில் உள்ள எட்டுக் கால் ஃப்ளாஷ் சிப்பை கிளிப் போட்டு, சிஹெச்341ஏ புரோகிராமர் என்ற சிறு கருவியில் படித்து, பழையதை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுச் சரியான ஃபர்ம்வேரை எழுத வேண்டும். பயாஸ் எழுதிப் பழகியவர்களுக்கு இது சின்ன வேலை. "போர்டு மாத்தணும்" என்று சொல்லும் கடையில் கொடுப்பதைவிட, "சிப் ரீஃப்ளாஷ் பண்ணுவீங்களா?" என்று கேட்டு ஆமாம் என்பவரிடம் கொடுங்கள்.

இன்னொரு வகைப் பழுது வெறும் தேய்மானம். போர்ட்டுகள் மெயின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டவை. மடியில் வைத்துக்கொண்டு சார்ஜ் போட்டால் ஒயரின் இழுப்பு முழுவதும் அந்தச் சால்டரில்தான் விழும். போர்ட் ஆடுகிறது என்றால் முதலில் பவரை அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் உள்ளே படிந்த பஞ்சை எடுத்துப் பாருங்கள். பல 'லூஸ் போர்ட்' அதிலேயே தீர்ந்துவிடும். சார்ஜர் 45 அல்லது 65 வாட், 20 வோல்ட் தரும் பிடி (யூஎஸ்பி பவர் டெலிவரி) சார்ஜராக இருக்க வேண்டும். போன் சார்ஜரைச் செருகிவிட்டு சார்ஜ் ஏறவில்லை என்று புலம்ப வேண்டாம்.

இரண்டு பேட்டரி, இரண்டு வயது

உள்ளே 24 வாட்-மணி பேட்டரி ஒன்று. வெளியே கழற்றும் பேட்டரி மூன்று அளவுகளில் கிடைக்கிறது: 61 என்பது 24 வாட்-மணி, 61+ என்பது 48, 61++ என்பது 72. கடைசி இரண்டும் கீழ்ப்பக்கம் புடைத்து நிற்கும். மெஷினின் பின்பக்கம் சற்று உயரும், காற்றும் நன்றாகப் போகும். உள் பேட்டரியில் சார்ஜ் இருந்தால், மெஷினை அணைக்காமலே வெளி பேட்டரியைக் கழற்றி வேறொன்றைப் போடலாம். கரன்ட் அடிக்கடி போகும் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே இதை வாங்கலாம்.

சார்ஜர் இல்லாமல் ஓடும்போது முதலில் வெளி பேட்டரிதான் தீரும், பிறகுதான் உள்ளே உள்ளது. அதனால் இரண்டும் ஒரே வேகத்தில் கிழமாவதில்லை. விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் இரண்டுக்கும் தனித்தனியே, தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் தெரியும். இப்போதையது பாதிக்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். லினக்ஸில் பொதுவாக பேட்0 என்பது உள்ளே உள்ளது, பேட்1 வெளியே உள்ளது.

புதிது வாங்கும்போது இரண்டு பொறிகள். டி440, டி450, டி460 மாடல்களுக்கான 68 வரிசை பேட்டரி தோற்றத்தில் இதேபோல இருக்கும், இதில் சேராது. அடுத்து, மலிவுப் போலிகள். பேட்டரியில் உள்ள சிப்பை மெஷின் அடையாளம் காணாவிட்டால், இந்த பேட்டரிக்கு ஆதரவு இல்லை, சார்ஜ் ஏறாது என்று ஆன் செய்யும்போதே சொல்லிவிடும். திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

மேசையிலேயே சார்ஜரோடு கிடக்கும் மெஷின் என்றால் லெனோவோ வான்டேஜ் ஆப்பில் சார்ஜ் வரம்பை வையுங்கள், லினக்ஸில் டிஎல்பி என்ற புரோகிராம் அதே வேலையைச் செய்யும். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏறத் தொடங்கி 80-ல் நிற்கும்படி வைத்தால் போதும். எப்போதும் நூறிலேயே, அதுவும் சூட்டில் இருக்கும் லித்தியம் செல்தான் சீக்கிரம் உப்புகிறது. டச்பேடு மேலே எழும்புவது போலவோ அடி மூடி சரியாக உட்காராமலோ இருந்தால் உள் பேட்டரி உப்பியிருக்கலாம். அன்றோடு பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள்.

திறப்பது

வெளி பேட்டரியைக் கழற்றும் முன் பயாஸில் கான்ஃபிக், பவர் என்று போய் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி'யைக் கொடுங்கள். மெஷின் அணைந்துவிடும், மறுபடி சார்ஜர் செருகும்வரை உள் பேட்டரி பவர் தராது. இதைச் செய்யாமல் திறந்து ரேமைத் தொடுவதுதான் போர்டு ஷார்ட் ஆக முக்கிய வழி. அடிப்பக்கம் ஆறு ஸ்க்ரூக்கள். அவை மூடியை விட்டு வெளியே வராது, தளர்ந்தால் போதும். விளிம்பில் பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக்கைச் செருகி ஓரமாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கொக்கிகள் உடையும்.

ரேம், எஸ்எஸ்டி

ரேம் டிடிஆர்4 சோடிம் (லேப்டாப் வகை), 2400 வேகம். 3200 ஸ்டிக் போட்டாலும் 2400-ல்தான் ஓடும், அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். அதிகாரப்பூர்வமாக 32 ஜிபி, நடைமுறையில் 64 ஜிபி வரை எடுக்கிறது. முக்கியம் மொத்த அளவு மட்டும் அல்ல, எத்தனை ஸ்டிக் என்பதும்தான். கடைகளில் பெரும்பாலும் ஒரே 8 அல்லது 16 ஜிபி ஸ்டிக் போட்டுத் தருவார்கள். ஒரு ஸ்டிக் (ஒற்றை சேனல்) என்றால் மெமரிக்குக் கிடைப்பது நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டு (இரட்டை சேனல்) என்றால் 38.4. பிராசசரிலேயே உள்ள யூஹெச்டி 620 கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது என்பதால் வெளி மானிட்டர் போட்டவுடன் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒரே 16-ஐ விட இரண்டு 8 மேல். ரேம் மாற்றிய பின் முதல் முறை ஆன் செய்தால் கொஞ்ச நேரம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து அணைக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள்.

எஸ்எஸ்டி போடுவது 2.5 அங்குல இடத்தில், எம்.2 என்விஎம்இக்கான (வேகமான, சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி) தட்டில். இங்கே பிசிஐஇ 3.0 இணைப்பில் இரண்டு லேன் (டேட்டா போகும் பாதை) மட்டும்தான், வேகம் நொடிக்கு 2 ஜிபியைத் தாண்டாது. இதைவிட வேகமான ஜென்4 எஸ்எஸ்டி வாங்குவது வீண். பழைய வகையான சாட்டா டிஸ்க்கோடு வந்த மெஷின் என்றால் எம்.2 தட்டையும் அதன் கேபிளையும் தனியாகத் தேட வேண்டும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சிம் மோடத்துக்கான ஸ்லாட்டில் 2242 அளவுள்ள, இரண்டு வெட்டு கொண்ட என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றும் போடலாம். சாட்டா வகை அங்கே வேலை செய்யாது.

சூடு

இத்தனை வயதான மெஷினில் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் தூசி ஒரு போர்வையாகவே படிந்திருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை அதில் அச்சிட்ட எண் வரிசைப்படி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, புதியதைச் சிப் முழுவதும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். மேல்தகடு இல்லாத சிப் இது, ஒரு மூலை விட்டுப்போனாலும் சூடு ஏறும். ஆன் செய்ததும் 'ஃபேன் எரர்' காட்டி நின்றால் ஃபேன் கனெக்டர் சரியாகச் செருகவில்லை, அல்லது ஃபேனே முடிந்தது.

லினக்ஸில் சிபியு 80 டிகிரி அருகிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வது இந்த மாடல்களில் தெரிந்த பிரச்சினை. 'த்ராட்டில்ட்' என்ற சிறு சர்வீஸ் அதைச் சரிசெய்யும்.

ஸ்க்ரீன்

இதன் பெரிய பலவீனம் இதுதான். மலிவாகக் கிடைப்பவற்றில் பல 1366 × 768 டிஎன் பேனல்கள், பக்கவாட்டில் பார்த்தால் நிறமே மாறும். ஃபுல் ஹெச்டி பேனலும் 250 நிட் வெளிச்சம்தான், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கஷ்டம். 400 நிட் பேனலுக்கு மாற்றலாம். மாற்றும் முன் பழைய கேபிள் 30 பின்னா 40 பின்னா என்று பாருங்கள். டச் இல்லாத ஃபுல் ஹெச்டிக்கு 30 பின், டச்சுக்கும், ஃபுல் ஹெச்டியைவிடக் கூர்மையான டபிள்யூக்யூஹெச்டிக்கும் 40 பின். வாசிப்பும் எழுத்தும் அதிகம் என்றால் ரேமுக்கு அடுத்து இதற்குத்தான் பணம் போட வேண்டும்.

சில்லறை விஷயங்கள்

வைஃபை கார்டை இன்டெல் ஏஎக்ஸ்210-க்கு மாற்றலாம். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இதில் வேலை செய்யாது, பெயர் ஒத்திருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ஆன்டெனா முனைகள் மிகச் சின்னவை, நேராக வைத்து அழுத்துங்கள். நேரம் அடிக்கடி மாறினாலோ ஆன் செய்யும்போது 0271 என்று வந்தாலோ ஒயரோடு வரும் சிஆர்2032 செல்லை மாற்றுங்கள். சுத்தமாக உயிரே இல்லை என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அடிப்பக்க ரீசெட் துளையில் குண்டூசியால் சில நொடி அழுத்தி, ஒரு நிமிடம் கழித்து முயலுங்கள். 'செத்த' மெஷின்களில் சில இதிலேயே எழுந்துவிடும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 8-ம் தலைமுறை பிராசசர் என்றால் விண்டோஸ் 11 எந்தக் குறுக்கு வழியும் இல்லாமல் ஏறும். வீடியோவில் ஒன்று கவனிக்க வேண்டும். யூஹெச்டி 620-க்கு ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்துக்கான ஹார்டுவேர் டிகோட் கிடையாது. யூடியூப் ஏவி1 கொடுத்தால் சிபியு மூச்சு வாங்கும், ஃபேன் அலறும். பழைய வடிவமான ஹெச்.264-ஐ மட்டும் கேட்கும்படி செய்யும் பிரவுசர் நீட்டிப்பு போட்டால் அமைதியாகிவிடும். வீடியோ எடிட்டிங், கேம் என்று வந்தால் இதில் எவ்வளவு பணம் கொட்டினாலும் நடக்காது.

மெயின் போர்டே போய்விட்டால் போர்டு தேடி அலைய வேண்டாம், இன்னொரு டி480-ஐ முழுதாகவே வாங்குங்கள். பழையதில் இருந்து வெளி பேட்டரி, ரேம், எஸ்எஸ்டி, நல்ல ஸ்க்ரீன், கீபோர்டு எல்லாம் அப்படியே புதியதில் ஏறும். அதற்கும் முதல் வேலை அதே தண்டர்போல்ட் அப்டேட்தான்.